லவாய்சியர் ஓவியத்தை வைத்துப் பிரெஞ்சுப் பிரபுக்களின் உருவப்படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் வரையப்பட்ட பிரபுக்களின் எண்ணெய் வண்ண உருவப்படங்கள் முதல் பார்வையில் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். பவுடர் பூசிய பொய்முடி, பட்டு, வெல்வெட், ஒரு மேசை, மேலிருந்து தொங்கும் திரைச்சீலை. அருங்காட்சியகத்தில் பலரும் அரை நிமிடத்தில் அவற்றைக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் காலத்து ஓவியங்களில் இவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை வேறில்லை. இத்தகைய படம் ஒவ்வொன்றும் தான் யாராக அறியப்பட வேண்டும் என்று படத்தில் இருப்பவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம். எதைக் கேட்டார் என்பதைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. எதைக் கேட்க நினைத்துப் பிறகு அடித்துவிட்டார் என்பது மீதிப் பாதி.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். ழாக்-லூயி தாவீத் 1788இல் வரைந்த அந்துவான் லவாய்சியர், அவருடைய மனைவி மரி-ஆன் ஆகியோரின் ஓவியம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பள்ளிப் பாடநூலில் ஆக்சிஜனோடு சேர்த்துப் படித்த அதே லவாய்சியர்தான். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உயர்தெளிவுப் படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: அளவைப் பாருங்கள்

திரையில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான். அதனால் ஓவியத்தைப் பெரிதாக்கும் முன் அதன் அளவைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். லவாய்சியர் ஓவியம் 259.7 சென்டிமீட்டர் உயரம், 194.6 சென்டிமீட்டர் அகலம். உருவங்கள் ஏறக்குறைய ஆளளவு.

இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். 1701இல் ரிகோ வரைந்த பதினான்காம் லூயியின் புகழ்பெற்ற அரச உருவப்படம் 277க்கு 194 சென்டிமீட்டர். அகலம் கிட்டத்தட்ட அதேதான். முழு உருவம் தெரியும் பெரிய படம் என்பது அரசர்களுக்கும் அரச குடும்பத்துக்கும் அவர்களை அடுத்த மேல்தட்டுக்கும் பழகிப்போன வடிவம். மார்பளவுப் படம் எந்த வசதியான வணிகரின் வீட்டிலும் இருக்கும். முழங்கால் வரையிலான படம் அதற்கு ஒரு படி மேல். கால் விரல் வரை ஆளளவில் வரையச் சொல்பவருக்குப் பணமும் இருக்கிறது, அந்தப் படத்தை மாட்ட உயரமான சுவரும் இருக்கிறது. லவாய்சியர் தம்பதி இதற்குக் கொடுத்தது 7,000 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்). படத்தின் முதல் செய்தி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

படி 2: எந்த வகைப் பிரபு என்று கேளுங்கள்

பிரபு என்றவுடன் கோட்டை, குதிரை, நூற்றாண்டுகள் பழைய குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்சில் போர்த் தொழில் வழிவந்த பழங்குடிப் பிரபுக்கள் ஒரு பக்கம். நீதிமன்ற, நிர்வாகப் பதவிகள் மூலம் அந்தத் தகுதியை அடைந்தவர்கள் இன்னொரு பக்கம். சில பதவிகளை விலை கொடுத்தே வாங்கலாம். பதவியோடு பிரபுத் தகுதியும் வரும். லவாய்சியரின் தந்தை 1772இல் வாங்கிய அரசரின் செயலாளர் பதவி அப்படிப்பட்டது. மகனுக்கு அது பரம்பரைத் தகுதியாயிற்று.

லவாய்சியரின் செல்வம் வந்த வழி வேறு. அவர் வரிக் குத்தகைதாரர். உப்பு, புகையிலை, பாரிஸுக்குள் வரும் சரக்கு ஆகியவற்றின் மீதான மறைமுக வரிகளை வசூலிக்கும் உரிமையை அரசிடம் குத்தகைக்கு எடுத்த தனியார் கூட்டமைப்பில் பங்காளி. சுங்கம் கட்டாமல் சரக்கு நுழையாதபடி 1780களில் பாரிஸைச் சுற்றி எழுப்பிய மதிலின் யோசனையே அவருடையது என்பதால், நகர மக்களுக்கு அவர் பெயர் எட்டிக்காய். 1775 முதல் அரசின் வெடிமருந்து நிர்வாகத்திலும் இருந்தார். பாரிஸின் ஆயுதக் கிடங்கு வளாகத்திலேயே வீடும் ஆய்வுக்கூடமும். வங்காளத்து வெடியுப்பு ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, அதை உள்நாட்டிலேயே உண்டாக்கும் நெருக்கடி பிரான்சுக்கு. அதைத் தீர்க்கும் பொறுப்பில் இருந்தவர்களில் இவரும் ஒருவர்.

ஆக, தன்னைக் காட்டிக்கொள்ள இவருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன: பிரபு, பணக்கார வரிக் குத்தகைதாரர், அறிவியலாளர். படத்தில் எது இருக்கிறது என்று இப்போது தேடலாம்.

படி 3: உடையும் நாடாவும்

இந்தப் படியில் அவசரம் கூடாது. ஆண்டைக் கண்டுபிடிக்கவும் ஆளைக் கண்டுபிடிக்கவும் உடை அளவுக்கு உதவுவது வேறில்லை.

முதலில் மார்பையும் தோளையும் பாருங்கள். அகன்ற நீல நாடா குறுக்கே போனால், பெரும்பாலும் அது 1578இல் மூன்றாம் ஆன்றி நிறுவிய தூய ஆவி வீரர் அமைப்பின் அடையாளம். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இருக்க முடியாத அமைப்பு. எனவே நீல நாடா அணிந்தவர் யாரென்று கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. சிவப்பு நாடாவில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 1693இல் தொடங்கிய புனித லூயி விருதுக்கும் சிவப்பு நாடா. நெப்போலியன் 1802இல் தொடங்கிய லெஜியோன் தோனர் விருதுக்கும் சிவப்பு நாடா. நாடாவின் நுனியில் தொங்குவதைப் பெரிதாக்குங்கள். நான்கு கைகள் கொண்ட சிலுவையும் இடையிடையே அல்லிப் பூக்களும் என்றால் புனித லூயி. ஐந்து கைகள் கொண்ட நட்சத்திரம் என்றால் லெஜியோன் தோனர், அப்படியானால் படம் புரட்சிக்குப் பிந்தையது. ஆனால் புனித லூயி விருது 1814இல் மன்னராட்சியோடு திரும்பி வந்து 1830 வரை நீடித்தது. சிலுவையை மட்டும் நம்பி ஆண்டு குறித்துவிடாதீர்கள். முடியையும் கழுத்துப்பட்டியையும் சேர்த்துப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமான சிறு நாடாவில் கழுகு தொங்கினால், அவர் அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்து 1783இல் தொடங்கிய சின்சினாட்டி சங்கத்தில் சேர்ந்த அதிகாரி. பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அதை அணிந்தவர்.

படத்தின் மூலையில் குலச் சின்னம் தெரிந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1790 ஜூன் 19 அன்று தேசிய மன்றம் பரம்பரைப் பிரபுத்துவத்தையும் பட்டங்களையும் குலச் சின்னங்களையும் ஒரே ஆணையில் ஒழித்தது. எனவே சின்னம் இருந்தால் படம் அதற்கு முந்தையது என்று தோன்றும். ஆனால் பேரன், பேத்திகள் பின்னாளில் சேர்த்ததாகவும் இருக்கலாம். சின்னத்தின் வண்ணம் அடியிலுள்ள விரிசல்களின் மேல் வழிந்து போகிறதா, அல்லது விரிசலோடு சேர்ந்து பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். வழிந்திருந்தால் அது பிறகு வந்தது.

இனி லவாய்சியர். நாடா இல்லை, பதக்கம் இல்லை, வாள் இல்லை, குலச் சின்னம் இல்லை. கருப்புக் கோட்டு, கருப்புக் கால்சட்டை, கருப்புக் காலுறை, கொக்கி வைத்த காலணி. தலையில் பவுடர் பூசிய பொய்முடி மட்டும் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அரசவை வண்ணங்களுக்குப் பக்கத்தில் இந்தக் கருப்பு பதவியையும் படிப்பையும் சொல்லும் நிறம். அடுத்த ஆண்டு மே மாதம் வெர்சாயில் கூடிய மூன்று பிரிவினரின் சபையில் பிரபுக்கள் பொன் சரிகையோடும் மூன்றாம் பிரிவினரான பொதுமக்கள் கருப்பிலும் வர வேண்டும் என்று விதியே இருந்தது.

மரி-ஆன் அணிந்திருப்பது வெள்ளை மஸ்லின் கவுன், இடுப்பில் நீலப் பட்டை. எளிமையாகத் தோன்றினாலும் மலிவானதல்ல. நயமான மஸ்லின் வங்காளத்திலிருந்து கடல் கடந்து வரும் சரக்கு. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1783இல், விழே லெ ப்ரன் இதே வகை மஸ்லின் உடையில் அரசி மரி அந்துவானெத்தை வரைந்து சலோன் கண்காட்சியில் வைத்தபோது, அரசி உள்ளாடையோடு நிற்கிறார் என்று சலசலப்பு எழுந்து படத்தை எடுக்க வேண்டியதாயிற்று. 1788க்குள் அந்த உடை பாரிஸின் வசதியான பெண்களிடம் சாதாரணமாகிவிட்டது.

படி 4: பார்வை எங்கிருந்து எங்கே போகிறது

நின்று ஆணையிடும் ஆணும், பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணும் என்பதே இரட்டை உருவப்படத்தில் எதிர்பார்க்கும் அமைப்பு. இங்கே தலைகீழ். கணவர் உட்கார்ந்திருக்கிறார்; மனைவி அவர் தோளில் சாய்ந்து நிற்கிறார். லவாய்சியர் இறகுப் பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்து மனைவியைப் பார்க்கிறார். அவரோ நம்மைப் பார்க்கிறார். கண்ணோட்டத்தை ஒரு கோடாக வரைந்தால் கணவரிடமிருந்து மனைவிக்கு, மனைவியிடமிருந்து நமக்கு என்று போகும். படத்தின் நடு அச்சு மரி-ஆன்தான் என்பது என் எண்ணம். லவாய்சியரின் கால் மட்டும் சிவப்பு மேசைவிரிப்பின் அடியிலிருந்து நீண்டு முன்னால் வருகிறது. சற்றே வீம்பான கால். அரச உருவப்படங்களில் காலைக் காட்டும் பழைய பழக்கத்தின் மிச்சம்.

மரி-ஆன் இங்கே அலங்காரத்துக்கு நிற்பவர் இல்லை. 13 வயதில், 1771இல், திருமணமானவர். ஆங்கிலம் கற்றுக் கணவருக்காக வேதியியல் நூல்களை மொழிபெயர்த்தார். தாவீதிடமே ஓவியம் பயின்றார். 1789இல் வெளிவந்த லவாய்சியரின் வேதியியல் நூலின் 13 கருவிப் படங்களும் அவர் கைவண்ணம், கையெழுத்தும் போட்டிருக்கிறார். படத்தின் இடது ஓரத்தில் நாற்காலியின் மேல் இருக்கும் ஓவியத் தாள் உறையைக் கவனியுங்கள். அது அவருடையது.

படி 5: பொருள்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளில் படத்திலுள்ள பொருள்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இது இங்கே எதற்கு என்று கேளுங்கள். பிரபுக்களின் படங்களில் வழக்கமாக வருபவை அமைச்சருக்கு ஆணைத் தாள், தளபதிக்கு வரைபடம், கவசம் போன்றவை. இந்தப் படத்தில் மேசை மேல் வாயுக்களைச் சேகரித்து அளக்கும் கண்ணாடிக் கருவிகள் நிற்கின்றன. தரையில் பித்தளைக் குழாய்ப்பூட்டு வைத்த பெரிய கண்ணாடிக் குடுவை. மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் தாள்கள். பின்சுவரில் பட்டைத் தூண்களைத் தவிர ஒன்றும் இல்லை.

இந்தக் கண்ணாடிகளில் சிறிது நேரம் செலவிடுங்கள். தரையிலுள்ள குடுவையைத் திரை முழுக்கப் பெரிதாக்கினால், கண்ணாடி என்று நாம் நம்பியது சில வெள்ளைக் கீற்றுகளும் அடியில் இருக்கும் நிறத்தின் மெல்லிய மாற்றமும் மட்டுமே என்று தெரியும். வரலாற்றுக் காட்சிகளால் பேர் வாங்கிய தாவீத், தான் இதையும் செய்வேன் என்று காட்டிய இடம் இது.

வரி வசூலின் சுவடு எங்கும் இல்லை. கணக்கேடு இல்லை, பணப்பெட்டி இல்லை. 7,000 லிவ்ர் வந்த வழி படத்துக்குள் நுழையவே இல்லை.

படி 6: மேற்பரப்பு

பழைய அச்சுப் பிரதிகளையும் புதிய புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரத்துப் பிசினால் செய்த வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். வெள்ளை பழுப்பேறும், நீலம் பச்சை கலந்து தெரியும், நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கும். இந்த ஓவியத்தின் பழுதுபட்ட வார்னிஷை நீக்கும் பணி 2019இல் தொடங்கியது. அதற்கு முந்தைய புகைப்படத்தை நம்பி மரி-ஆனின் உடை பாலேட்டு நிறம் என்று எழுதினால் தவறாகிவிடும். எந்த ஓவியத்துக்கும் புகைப்படம் எந்த ஆண்டினது என்று கேளுங்கள்.

வண்ணங்களும் ஆண்டு சொல்லும். ஈய வெள்ளை, பாதரசம் கலந்த சிந்தூரச் சிவப்பு, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த பிரஷ்ய நீலம் எல்லாம் தாவீதின் தட்டில் இருக்கக் கூடியவை. அக்காலப் படம் என்று விற்கப்படுவதில் அடிவண்ணமாகவே டைட்டானியம் வெள்ளை அகப்பட்டால் அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. மேலோட்டமான திட்டாக இருந்தால் பழுதுபார்த்தவர் வைத்தது. இரண்டையும் குழப்பக் கூடாது.

படி 7: அடியில் இருப்பது

இந்தப் படத்தை நான் தேர்ந்தெடுத்ததே இந்தப் படிக்காகத்தான். வார்னிஷ் நீக்கும்போது அருங்காட்சியகத்தின் ஓவியப் பாதுகாப்பாளர் டோரதி மேகன் சில முரண்களைக் கண்டார். மரி-ஆனின் தலைக்கு மேல், வெறும் சுவராக இருக்க வேண்டிய இடத்தில், மேல் வண்ணத்தின் நுண் விரிசல்களுக்கிடையே சிவப்புப் புள்ளிகள். அந்தச் சிவப்புக்கு அங்கே வேலையே இல்லை.

பிறகு அறிவியலாளர் சில்வியா சென்டேனோவும் கலை வரலாற்றாளர் டேவிட் புல்லின்ஸும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு முறைகள் கையாளப்பட்டன. அகச்சிவப்புக் கதிர்கள் மேல் வண்ணத்தை ஊடுருவி, அடியிலுள்ள கரிய கோடுகளைக் காட்டும். எக்ஸ் கதிர் ஒளிர்வு வரைபட முறை படத்தை வரி வரியாக வருடி, எந்த இடத்தில் எந்தத் தனிமம் என்று தனித்தனி வரைபடமாகத் தரும்: ஈயத்துக்கு ஒன்று, பாதரசத்துக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று, தாமிரத்துக்கு ஒன்று. இந்த நான்குமே லவாய்சியர் 1789இல் வெளியிட்ட 33 தனிமங்களின் பட்டியலில் இருப்பவை. அவர் பட்டியலிட்ட பொருள்களே அவர் மறைத்ததைக் காட்டிக்கொடுத்திருக்கின்றன.

2021இல் வெளியான முடிவு இது. முதலில் வரையப்பட்ட மரி-ஆன் தலையில் நாடாக்களும் செயற்கைப் பூக்களும் வைத்த பிரம்மாண்டமான தொப்பி அணிந்திருந்தார். 1787 வாக்கில் பாரிஸ் நாகரிகப் பத்திரிகைகளில் வந்த வகை. இப்போது சிவப்பு விரிப்பு மூடியிருக்கும் மேசை, பொன்முலாம் பூசிய வெண்கல வேலைப்பாட்டோடு பளிச்சென்று நின்றது. அறிவியல் கருவிகள் எதுவும் இல்லை. அதாவது முதல் படம் வசதியான, நாகரிகமான வரிக் குத்தகைதாரத் தம்பதியின் படம். படி 2இல் சொன்ன மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்து, வரையச் சொல்லி, பிறகு அதை மூடிவிட்டு இன்னொன்றுக்கு மாறியிருக்கிறார்கள்.

செய்தி வந்ததும் புரட்சிக்கு அஞ்சிச் செல்வத்தை மறைத்தார்கள் என்று விளக்கம் சொல்ல ஆசை வரும். ஆண்டு இடம் கொடுக்கவில்லை. 1788 டிசம்பரில் தாவீதுக்குப் பணம் கொடுத்து முடித்தாயிற்று. பஸ்தீல் சிறை வீழ்ந்தது 1789 ஜூலை 14. தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்தை அப்போது யாரும் கனவிலும் கண்டிருக்கவில்லை. நகரத்தில் வரிக் குத்தகைதாரர்கள் மேலிருந்த வெறுப்பு அவர்களுக்குத் தெரியும் என்பது உண்மை. அறிவியல் பெயர் உச்சத்திலிருந்த நேரம் என்பதும் உண்மை. தொப்பி நாகரிகம் இரண்டு பருவத்தில் பழசாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தாலும் வியப்பில்லை. இவற்றில் எது எவ்வளவு என்று வண்ணப் படலம் சொல்லாது. மாற்றம் நடந்தது என்று மட்டும் அது உறுதியாகச் சொல்லும்.

ஆய்வகம் இல்லாமல் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. உயர்தெளிவுப் படத்தில் கைவிரல், தொப்பி விளிம்பு, மேசை ஓரம் ஆகியவற்றைப் பெரிதாக்கி, உருவத்துக்கு வெளியே நிழல்போல இன்னொரு விளிம்பு ஓடுகிறதா என்று தேடுங்கள். எண்ணெய் வண்ணம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒளியை அதிகம் உள்ளே விடும். அடித்து மாற்றியது மெல்ல மேலெழும்.

படி 8: படத்தை நாட்காட்டியோடு ஒட்டிப் பாருங்கள்

படத்தின் கீழே தாவீத் லத்தீனில் பெயரும் பாரிஸ் என்ற ஊரும் 1788 என்ற ஆண்டும் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லூவ்ரில் சலோன். அதே மாதத் தொடக்கத்தில் ஆயுதக் கிடங்கிலிருந்து வெடிமருந்து படகில் வெளியேற்றப்படுகிறது என்று வதந்தி கிளம்பி, கூட்டம் திரண்டு, லவாய்சியர் உயிர் தப்பியதே பெரிது என்றாயிற்று. படம் சலோனுக்குப் போகவில்லை. தாவீதின் வேறு ஓவியங்கள் அங்கே மாட்டப்பட்டன.

1794 மே 8 அன்று வரிக் குத்தகைதாரர்கள் 28 பேர் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டனர். லவாய்சியர் ஒருவர், மரி-ஆனின் தந்தை ழாக் போல்ஸும் ஒருவர். ஒரே நாளில் கணவரும் தந்தையும். அப்போது தாவீத், அரசரின் மரணத்துக்கு வாக்களித்தவர், கைது ஆணைகளில் கையெழுத்திடும் பொதுப் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர். குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக உலவும் வாசகத்துக்குச் சமகாலச் சான்று இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு படம் போதும்: சில மாதங்கள் சிறையிருந்து வெளிவந்த தாவீத் 1795இல் வரைந்த, லூவ்ரில் உள்ள, தன் உறவினர் செரிசியாவின் உருவப்படம். திறந்த வானம், பாறை, குதிரைச் சாட்டை, தொப்பியில் மூவர்ணச் சின்னம். மேசையும் இல்லை, தூணும் இல்லை.

படி 9: யார் கைகளில் இருந்தது

உரிமைச் சங்கிலியில் இடைவெளி இருந்தால் சந்தேகப்படுங்கள். இல்லாவிட்டால் அது தரும் உறுதிக்கு ஈடில்லை. இந்தப் படம் 1836இல் இறக்கும்வரை மரி-ஆனிடம் இருந்தது. நடுவில் அவர் ரம்ஃபோர்டு பிரபு என்ற இன்னொரு அறிவியலாளரை மணந்து பிரிந்ததும் நடந்தது. படம் மரி-ஆனிடமே இருந்தது. பிறகு அவர் உறவினர் குடும்பம், 1920களில் அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லர், 1927 முதல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனம், 1977இல் மெட்ரோபாலிட்டன்.

படி 10: பெயர் தெரியாத படத்துக்கு

பெயர்ப் பலகையில் ‘பிரபு ஒருவர், 1790 வாக்கில்’ என்று மட்டும் எழுதிய படம் எத்தனையோ உண்டு. அப்போது வரிசையை மாற்றுங்கள். முதலில் நாடாவும் பதக்கமும், ஏனெனில் அவை ஆண்டு எல்லை தரும். அடுத்து முடியும் கழுத்துத் துணியும். பிறகு கையிலுள்ள தாள்: கடிதத்தின் மேலுறையில் பெயர் எழுதுவது ஓவியர்களுக்குப் பிடித்த பழக்கம், பெரிதாக்கினால் பல நேரம் எழுத்துகள் கிடைக்கும். சட்டகத்தில் ஆணியடித்த பெயர்த் தகட்டைக் கடைசியாக நம்புங்கள். சட்டகங்கள் மாறும், விற்பவருக்குப் பிரபலமான பெயர் வேண்டும். முடிந்தால் படத்தின் பின்புறப் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்: கித்தானின் நெசவு, சட்ட மரம், ஏலக்கூடச் சீட்டு, சுண்ணக்கட்டியால் எழுதிய எண் ஆகியவை முகத்தைவிடத் தெளிவாகப் பேசும். புதுத் துணி ஒட்டிப் பலப்படுத்தியிருந்தால் பழைய கித்தானில் எழுதியிருந்தது அதற்கடியில் மறைந்திருக்கும். அப்போது அருங்காட்சியகத்தின் பழைய கோப்புகளைக் கேட்பதே வழி.